சாயத்தை பாக்டீரியா தின்னுடும்... சரி, உப்பை யார் திங்கிறது?

புதுசா வாங்கின அடர் சிவப்பு டி-ஷர்ட்டை முதல் தடவை பக்கெட்டில் முக்கும்போது தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். `அய்யய்யோ, சாயம் போகுதே' என்று பதறியும் இருப்பீர்கள். உண்மையில் உங்கள் பக்கெட்டில் கலந்தது மிச்சசொச்சம்தான். போகவேண்டியதில் பெரும்பங்கு, அந்தத் துணி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஏதோ ஒரு சாயப்பட்டறையில் தண்ணீரோடு போயாச்சு. பருத்தித் துணிக்குப் போடும் `ரியாக்டிவ்' சாயங்களில், சாயத்தின் வகையையும் போடும் முறையையும் பொறுத்து 10 முதல் 50 சதவிகிதம் வரை நூலில் ஒட்டுவதே இல்லை.

ஒட்டாத அந்தச் சாயம் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குத்தான் இப்போது ஒரு அழகான பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. `பாக்டீரியாவை விட்டா போதும் பாஸ், சாயத்தைத் தின்னுடும்!' கல்லூரி புராஜெக்ட், ஸ்டார்ட்அப் மேடை, ரீல்ஸ் என எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிப் படம். இடதுபக்கம் ரத்தச் சிவப்பில் ஒரு பாட்டில், வலதுபக்கம் பளிங்கு மாதிரி ஒரு பாட்டில்.

அந்தப் படம் பொய் இல்லை. பாக்டீரியா அதை நிஜமாகவே செய்யும். ஆனால், அது பாதிக் கதை. மீதிக் கதையைத் தேனி, கம்பம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

தேனிக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம்?

`எங்க ஊர்ல திராட்சை, வாழை, நெல்லு. சாயம் திருப்பூர் பிரச்னை ஆச்சே' என்று கேட்கலாம். சரிதான், தேனி மாவட்டத்தில் திருப்பூர் அளவுக்குச் சாயத்தொழில் கிடையாது. ஆனால், ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தம் பல தலைமுறையாகக் கேட்கிறது. அங்கே நெய்யும் காட்டன் சேலைகளுக்குத் தமிழ்நாடு முழுக்க வாடிக்கையாளர்கள் உண்டு. தறி இருக்கும் இடத்துக்குச் சாயம் போட்ட நூல் வேண்டும். அந்த நூலை எங்கோ ஒரு இடத்தில் யாரோ முக்கி எடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணை கூப்பிடு தூரம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு முழுக்க வயலுக்குப் பாய்ந்து வரும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் கடைசியில் தேங்கும் இடம் அதுதான். அங்கிருந்து மதுரைக்குக் குடிதண்ணீர் போகிறது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் மத்திய அரசு அறிவித்த 7 `பி.எம் மித்ரா' மெகா ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று விருதுநகர் மாவட்டத்துக்கு வந்திருக்கிறது. அதாவது, ஜவுளித்தொழிலின் பெரிய முதலீடு தென்மாவட்டங்கள் பக்கம் திரும்புகிறது. வேலை வரும், சந்தோஷம். கூடவே சாயம் போடும் வேலையும் வரும். கெடுவதற்கு முன்பே கேள்வி கேட்கும் வசதி நொய்யல்கரை மக்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

பாக்டீரியா என்னதான் செய்யுது?

1856-ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது லண்டன் பையன், மலேரியாவுக்கான குவினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தான். மருந்து வரவில்லை, ஊதா நிறத்தில் ஒரு சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கம் அதுதான். அதுவரை அவுரி, சாயவேர், மஞ்சிட்டி என்று செடிகளை நம்பியிருந்த தொழில், சில பத்தாண்டுகளில் ஆலைக்கு மாறியது.

இன்று உலகத்தில் புழங்கும் செயற்கைச் சாயங்களில் பாதிக்கும் மேல் `அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்கும் அமைப்பு அது. ஒரு கொக்கி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொக்கிதான் மூலக்கூறின் இரண்டு பக்கத்தையும் இணைத்து, கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தருகிறது. கொக்கி உடைந்தால் நிறம் போச்சு.

வெயிலிலும் சோப்பிலும் சட்டென்று வெளுக்கக் கூடாது என்றுதான் இந்தச் சாயங்களை உருவாக்குகிறார்கள். அதே கெட்டித்தனம் கழிவுநீரிலும் தொடர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகச் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கொக்கியை உடைக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. பெயர், அசோரிடக்டேஸ். பேசிலஸ், சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ், ஷெவனெல்லா போன்ற குடும்பங்களில் இந்த வேலையைச் செய்பவை பல உண்டு. சாயக்கழிவு ஊறிய மண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்தாலே சில சிக்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம், உங்கள் வயிற்றுக்குள்ளேயே இந்த வேலை நடக்கும். பெருங்குடல் அழற்சிக்கு டாக்டர்கள் கொடுக்கும் `சல்ஃபாசலசின்' மாத்திரையும் ஓர் அசோ சேர்மம்தான். அது பெரும்பாலும் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச்சேரும். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் கொக்கியை உடைத்த பிறகுதான் மருந்து வெளியே வந்து வேலை செய்யும். சாயப்பட்டறைத் தொட்டியில் நடப்பதும் இதே வேதியியல்தான்.

ஆக்ஸிஜன் பந்தியில் இருக்கும்வரை...

இங்கே ஒரு முக்கியமான ட்விஸ்ட். பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தான் இந்தக் கொக்கியை நன்றாக உடைக்கும். காரணம், உணவைச் செரிக்கும்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை அவை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். முதல் மரியாதை ஆக்ஸிஜனுக்கு. அது பந்தியில் உட்கார்ந்திருக்கும்வரை சாயத்துக்கு இலை போட மாட்டார்கள். ஆக்ஸிஜன் தீர்ந்தால்தான் சாயத்துக்கு வாய்ப்பு.

பல சுத்திகரிப்பு நிலையங்களில் ஏற்கெனவே பாக்டீரியா இருக்கிறது. காற்றை ஊதி ஊதி நுரைக்கவிடும் தொட்டியைப் பார்த்திருப்பீர்களே, அது முழுக்க பாக்டீரியாதான். ஆனால், அங்கே ஆக்ஸிஜன் தாராளம். அதனால் மற்ற அழுக்கு குறைந்தாலும் சாயம் கணிசமாகத் தப்பித்து வெளியே வந்துவிடும். `பாக்டீரியா முறை இருக்கு' என்று சொல்வது மட்டும் போதாது, எந்த முறை என்று கேட்கவேண்டும் என்பது இதனால்தான்.

வெளுத்த சாயம், வெளுக்காத வில்லங்கம்

`சாயம் வெளுத்துப்போச்சு' என்றால் வேஷம் கலைந்துவிட்டது என்று அர்த்தம் சொல்வோம். இங்கே கதை தலைகீழ். சாயம் வெளுப்பதே வேஷமாகிவிடலாம்.

கொக்கி உடைந்ததும் அந்த மூலக்கூறு மாயமாக மறைவதில்லை. இரண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுகளுக்கு அரோமேட்டிக் அமீன்கள் என்று பெயர். பெரும்பாலும் நிறம் இல்லாதவை. பாட்டில் பளிங்கு மாதிரி தெரியும். ஆனால், இவற்றில் சில, முன்பு இருந்த சாயத்தைவிட ஆபத்தானவை.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்ட அதே 1895-ல், ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைக் கவனித்துப் பதிவு செய்தார். பின்னாளில் பென்சிடின் போன்ற அமீன்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானது. உடைந்தால் இப்படிப்பட்ட அமீன்களைத் தரும் சாயங்களுக்கு இந்தியா 1990-களில் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, அவற்றை வெளியிடும் சாயங்கள் துணியில் இருக்கக் கூடாது என்றது. துணியில் `அசோ ஃப்ரீ' என்று லேபிள் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் அர்த்தம். அசோ சாயமே இல்லை என்று அர்த்தம் இல்லை, தடை செய்யப்பட்ட அமீன்களைத் தரும் சாயம் இல்லை என்று அர்த்தம்.

அப்படியானால் கழிவுநீரில் அமீனை என்ன செய்வது? இரண்டாவது கட்டம் வேண்டும். முதல் தொட்டியில் காற்றில்லாமல் சாயத்தை உடைக்க வேண்டும், அடுத்த தொட்டியில் காற்றை ஊதி அமீன்களைச் செரிக்க வேண்டும். பல அமீன்கள் இதில் ஒழிந்துவிடும். சல்ஃபோனிக் குழு ஒட்டிய சில அமீன்கள் அப்போதும் அடம்பிடிக்கும். ரீல்ஸில் நாம் பார்ப்பது முதல் தொட்டியோடு முடிந்துவிடும் கதை.

ஜவுளி ஆலைக் கழிவுநீருக்கான தேசிய அளவுகோல்கள் 2016-ல் திருத்தப்பட்டன. நிறம், பி.ஹெச், உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, குரோமியம், கரைந்த உப்பு என்று அதில் வரிசையாக வரம்புகள் இருக்கின்றன. அரோமேட்டிக் அமீன்களுக்கு என்று தனியாக ஒரு வரி இல்லை. நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பிடிபடுவது கஷ்டம்.

லேப்ல ஜெயிச்சது பட்டறையில் ஏன் தோற்குது?

ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்கு ராஜ வாழ்க்கை. ஒரே ஒரு சாயம், அளவான சூடு, சரியான பி.ஹெச், சாப்பிட குளுக்கோஸ். சாயப்பட்டறைத் தண்ணீர் அப்படியா? காலையில் கறுப்பு, மதியம் மஞ்சள், சாயங்காலம் நீலம். சோடா போட்டதால் காரம் ஏறிக்கிடக்கும். தொட்டியிலிருந்து வெளியே வரும்போது கொதிக்கும். சோப்பு, பிளீச், எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும்.

சாப்பாடு விஷயத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாயத்தை மட்டும் தின்று உயிர்வாழாது. வேறு சோறு போட்டால்தான் கூடவே சாயத்தையும் உடைக்கும். இதற்கு நெசவுத்தொழிலிலேயே ஒரு விடை இருக்கிறது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள் அல்லவா? ஆலைகளில் நெய்த பிறகு அந்தக் கஞ்சியை அலசி எடுக்கும்போது மாவுச்சத்து நிறைந்த கழிவுநீர் வரும். அதுவும் ஒரு மாசுதான். ஆனால், சாயத்தொட்டி பாக்டீரியாவுக்கு அது விருந்து. இரண்டு கழிவையும் கணக்குப் பார்த்துச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றுக்கு உதவும். பாட்டில் போட்டோவைவிட இந்த மாதிரி யோசனைகள்தான் பேசப்பட வேண்டியவை.

பாக்டீரியா தொடாத எதிரி

இவ்வளவும் சரியாக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். சாயம் போச்சு, அமீனும் போச்சு. இன்னும் ஒருவர் தொட்டியில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். உப்பு.

தண்ணீரில் பருத்தி நூலுக்கும் எதிர்மின் தன்மை, ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். சமாதானம் செய்து ஒட்டவைக்க, சாதாரண உப்போ சோடியம் சல்ஃபேட்டோ கொட்டுகிறார்கள். நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 100 கிராம் வரைகூடப் போகும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு! சாயம் நூலில் ஒட்டிக்கொள்ளும், உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வரும். பாக்டீரியாவால் அந்த உப்புச் சுமையை நீக்க முடியாது.

இதன் விலை என்ன என்று நொய்யல் ஆற்றைக் கேளுங்கள். சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணை வேண்டும் என்று கேட்ட விவசாயிகளே, `இங்கே தண்ணீரைத் தேக்காதீங்க' என்று போராட வேண்டிய நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன. வழக்கு நடந்து, சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை வந்து, அதுவும் முழுதாக நிறைவேறாமல், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரே உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றுக்கும் நஷ்டம், வயலுக்கும் நஷ்டம், கடைசியில் அங்கே வேலை பார்த்த தொழிலாளிக்கும் நஷ்டம்.

அதன் பிறகு திருப்பூர் பிடித்த வழி, பூஜ்ய வெளியேற்றம். கழிவுநீரை ஆர்.ஓ-வில் வடிகட்டி நல்ல தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பார்கள். நல்ல தண்ணீரும் ஒரு பகுதி உப்பும் மறுபடி பட்டறைக்கே போகும். வேலை செய்யும் முறைதான், ஆனால் மின்சாரமும் விறகும் எக்கச்சக்கம். சிறு பட்டறைகளுக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது. மழை நாள்களில் கழிவைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார்கள் கொங்கு மண்டலத்தில் இன்றும் வருவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

பாக்டீரியாவின் உண்மையான இடம் இந்த வரிசையில்தான். ஆர்.ஓ-வுக்கு முன்னால் நின்று, சாயத்தையும் அழுக்கையும் குறைத்துக் கொடுக்கலாம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கொட்டி நிறத்தைப் படியவைக்கும் பழைய முறையில் மலைபோல் சேறு சேரும். அது குறையும், சவ்வு அடைப்பதும் குறையும், செலவும் குறையும். `ஆர்.ஓ-வே வேண்டாம், பாக்டீரியா போதும்' என்று யாராவது சொன்னால் மட்டும் உஷாராகிவிடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது சும்மா பொது அறிவு இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, உப்பைப் பெரிதாகத் தாங்காத பயிர். வாழையும் நெல்லும்கூட அப்படித்தான். ஆற்றில் நிறம் தெரிந்தால் ஊரே கூடிச் சத்தம் போடும். உப்புக்கு நிறம் கிடையாது.

அடுத்த தடவை கேளுங்க!

உங்கள் ஊரிலோ, கல்லூரியிலோ, ஜவுளிப் பூங்கா பற்றிய கூட்டத்திலோ `பாக்டீரியா பார்த்துக்கும்' என்று யாராவது சொன்னால், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. நிறம் போன பிறகு அரோமேட்டிக் அமீனை அளந்தீர்களா? இரண்டாவது தொட்டி இருக்கிறதா?

2. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் டி.டி.எஸ் எவ்வளவு? இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உப்பு அப்படியே ஆற்றுக்குத்தான் போகிறது.

3. சோதித்தது ஆய்வகத்தில் கலக்கிய சாயத்திலா, பட்டறையின் நிஜக் கழிவிலா? எத்தனை மாதம் தொடர்ந்து ஓடியது?

4. பாக்டீரியாவுக்குத் தினமும் சோறு எது, செலவு யாருடையது?

5. மிஞ்சும் சேறும் உப்பும் எங்கே போகும்?

கையில் ஒரு சட்டமும் இருக்கிறது. காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி உள்ளிட்ட ஆறுகளிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் புதிய ஆலைகள் வரக் கூடாது என்று தமிழக அரசு 1998-ல் ஆணை போட்டது. துணிச் சாயத்தொழிலும் அந்தப் பட்டியலில் உண்டு. `எங்ககிட்ட புது டெக்னாலஜி இருக்கு, தளர்த்துங்க' என்ற கோரிக்கை எப்போது வந்தாலும், அந்த ஐந்து கேள்விகளுக்கும் எண்களோடு பதில் வந்த பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும். `மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஓகே சொல்லிடுச்சு' என்றால், எந்த நிபந்தனைகளோடு ஓகே சொன்னது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

இதை நெசவாளிக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சக்கம்பட்டியில் தறி ஓடட்டும், சேலை விற்கட்டும். பத்து சின்னப் பட்டறைகள் சேர்ந்தால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுப்படியாகும். அதற்கு அரசு முதலில் பணம் போடவேண்டும். ஆறு கெட்ட பிறகு பூட்டுப் போடுவதைவிட அது மலிவு.

இன்றே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. டி.டி.எஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். உங்கள் வீட்டு போர், தோட்டத்துக் கிணறு, வாய்க்கால் என்று மாதம் ஒரு முறை அளந்து, தேதியோடு போனில் குறித்து வையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் அதிகபட்சம் 2,000. மீட்டர் சாயத்தையோ அமீனையோ காட்டாது, உப்பை மட்டும்தான் காட்டும். ஆனால், நாளைக்கு ஒரு பட்டறை வந்து, `இந்த ஊர்த் தண்ணி எப்பவுமே இப்படித்தான்' என்று யாராவது சொன்னால், `இல்ல சார், போன வருஷம் இதே மாசம் இவ்வளவுதான் இருந்துச்சு' என்று போனை எடுத்துக் காட்ட உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.